பிறந்த குழந்தையின் மூச்சுத்திணறல்: பரம்பரைக் காரணங்களும் உண்டு

பிறந்த குழந்தை மூச்சுவிடச் சிரமப்பட்டால் எந்தப் பெற்றோரும் கலங்கிப்போவார்கள். ஆனால் பெரும்பாலான குழந்தைகள் சில நாட்களில் தேறிவிடுவார்கள். நுரையீரலில் தங்கிய நீர், கிருமித்தொற்று, குறைமாதப் பிறப்பு ஆகியவையே வழக்கமான காரணங்கள். மிகச் சிலருக்கு மட்டும் காரணம் மரபணுவில் இருக்கிறது. அதைப்பற்றி இம்முறை பார்ப்போம்.

நாம் மூச்சை வெளிவிடும்போது நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் சுரப்பு. குறைமாதக் குழந்தைகளுக்கு இது போதாமையே மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்பதை 1959இல் மேரி எலன் அவெரியும் ஜெரி மீட்டும் எடுத்துக்காட்டினர். இன்று இதனையே மருந்தாக நுரையீரலுக்குள் செலுத்திக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறார்கள்.

நிறைமாதக் குழந்தைக்கும் கடும் மூச்சுத்திணறல் வந்து, இம்மருந்தின் பலன் நிலைக்காமல், ஒரு கிழமை கடந்தும் தேறாவிட்டால் வைத்தியர்கள் பரம்பரைக் காரணத்தைச் சந்தேகிப்பார்கள். சர்ஃபாக்டன்ட் புரதம் 'பி' இல்லாத நோய் 1993இலும், ஏபிசிஏ3 மரபணுக் கோளாறு 2004இலும் அறியப்பட்டன. சிறிதளவு இரத்தத்தில் செய்யும் மரபணுப் பரிசோதனையே இவற்றைக் காட்டிவிடும். அதில் தெளிவு கிடைக்காவிட்டால் நுரையீரல் திசுவில் சிறு துணுக்கெடுத்துப் பார்ப்பதும் உண்டு.

முடிவு தெரிவதால் என்ன பயன்? ஏபிசிஏ3 கோளாறுள்ள சில குழந்தைகள் சிகிச்சையுடன் வளர்கிறார்கள். புரதம் 'பி' அறவே இல்லாத குழந்தைக்கோ நுரையீரல் மாற்றுச் சிகிச்சையன்றி வேறு வழி அரிது. எதைச் செய்வது, எதைத் தவிர்ப்பது என்று பெற்றோர் தீர்மானிக்க உண்மை தெரியவேண்டும்.

இவ்விரு நோய்களிலும் பொதுவாகத் தாய், தந்தை இருவரும் பழுதுள்ள மரபணுவை ஒவ்வொன்று சுமப்பார்கள். இருவருக்கும் நோய் இராது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மச்சான், மச்சாள் முறையில் இரத்த உறவுக்குள் திருமணம் செய்தவர்கள் இருவரும் இத்தகைய பழுதுள்ள மரபணுவைச் சுமக்கும் வாய்ப்புக் கூடும்.

நம்மவர்கள் பலர் முன்பு இறந்த குழந்தையைப் பற்றிப் பேசுவதில்லை. "கிரகபலன்" என்று சொல்லி மூடிவிடுகிறோம். சிலவேளை தாயையும் குறைகூறுகிறோம். இது யாருடைய குற்றமும் அல்ல. ஊரில் பிறந்து சில நாளில் இறந்த குழந்தையானாலும், சொந்தத்தில் செய்த திருமணமானாலும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலே சரியான பரிசோதனைக்கு வழிகாட்டலாம். அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசகரைச் சந்திப்பதும் நல்லது.