கடலுக்குப் போகும் முன் மாத்திரையை எண்ணிப் பாருங்கள்: பீட்டா பிளாக்கரை திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்?

தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து காய்கறி, கட்டுமானப் பொருட்களை ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குத் தோணிகள் போகின்றன. வானிலை மாறினாலோ, சரக்கு இறக்கத் தாமதமானாலோ திரும்பும் நாள் தள்ளிப்போகும். அதற்காக அரிசியும் தண்ணீரும் கூடுதலாக ஏற்றுவார்கள். ஆனால், இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் அந்தத் தோணியில் இருந்தால், மாத்திரையையும் கூடுதலாக எடுத்துப் போவாரா?

‘ரெண்டு நாள் போடலைன்னா என்ன ஆயிடப் போகுது?’ என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அட்டையில் அடினலால், மெட்டோப்ரலால், பைசோப்ரலால், கார்விடிலால், ப்ராப்ரனலால் என்று ‘லால்’ போட்டு முடியும் பெயர் இருந்தால் அந்த நினைப்பு ஆபத்தானது. இவைதான் பீட்டா பிளாக்கர்கள்.

பீட்டா ஏற்பி என்றால் என்ன?

பயம், கோபம், கடும் உழைப்பு ஆகிய நேரங்களில் உடலில் அட்ரினலின் சுரக்கும். நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலின் வெளியாகும். செல்களின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகள், அதாவது ரிசப்டர்கள், இந்தத் தகவலை வாங்கி உள்ளே அனுப்புகின்றன. இந்த ஏற்பிகளில் ஆல்பா, பீட்டா என இரு வகை இருப்பதாக 1948-ல் சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி ரேமண்ட் ஆல்க்விஸ்ட்.

பீட்டா-1 முக்கியமாக இதயத்தில் இருக்கிறது. தூண்டினால் இதயம் படபடன்னு வேகமாகவும் பலமாகவும் துடிக்கும். சிறுநீரகத்திலும் பீட்டா-1 உண்டு. அங்கே ரெனின் சுரந்து பிபி ஏறும். பீட்டா-2 நுரையீரலின் காற்றுக் குழாய்களையும், தசைகளுக்குப் போகும் ரத்தக் குழாய்களையும் விரிக்கிறது.

மாத்திரை எப்படி வந்தது?

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக், நெஞ்சுவலிக்காரர்களின் பிரச்சினையை வேறு மாதிரி யோசித்தார். இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் அனுப்ப முடியவில்லை என்றால், இதயத்தின் வேலையையே குறைத்தால் என்ன? அட்ரினலின் வந்து உட்காரும் இடத்தை மருந்தால் அடைத்துவிடுவதுதான் அவர் கண்ட வழி. 1960-களில் ப்ராப்ரனலால் வந்தது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பிகள் வேலை செய்யும் விதத்தைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவரும் 2012-ல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

சரி, நிறுத்தினால் ஏன் ஆபத்து?

ஏற்பிகளின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். துறைமுகச் சாலையில் நாள் முழுக்க ஹார்ன் கேட்டவருக்கு காது பழகிப்போகும். ஊரே அமைதியாக இருந்தால் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும். இதய செல்லும் அப்படித்தான்.

இதயச் செயலிழப்பில் உடல் ஓயாமல் அட்ரினலினை அனுப்புகிறது. செல்கள் பீட்டா-1 ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கின்றன. இதயம் மேலும் சோர்கிறது. பலவீனமான இதயத்துக்கு பீட்டா பிளாக்கர் கூடாது என்றுதான் டாக்டர்கள் பல ஆண்டுகள் நம்பினார்கள். ஆனால், 1999-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், பைசோப்ரலாலும் நீடித்துச் செயல்படும் மெட்டோப்ரலாலும் மரணத்தைச் சுமார் 34 சதவீதம் குறைத்தன. ஓயாத ஹார்னிலிருந்து இதயத்துக்குக் கிடைத்த ஓய்வுதான் காரணம்.

இதன் மறுபக்கம்தான் சிக்கல். மருந்து ஏற்பிகளை அடைத்து வைத்திருக்கும் காலத்தில், செல்கள் புதிய ஏற்பிகளைக் கூடுதலாக உருவாக்கிக்கொள்ளும். மாத்திரையைச் சட்டென நிறுத்தினால், அத்தனை ஏற்பிகள் மீதும் அட்ரினலின் ஒரே நேரத்தில் பாயும். துடிப்பு எகிறும், பிபி ஏறும். இதய ரத்தக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருப்பவருக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம். நடுக்கடலில் இது நடந்தால் கரைக்கு வருவதே பெரும்பாடு.

சங்கு குளிப்பவர்கள் கவனிக்க வேண்டியது

மன்னார் வளைகுடாவில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றுபோனது. சங்கு குளிப்பது தொடர்கிறது. இவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது.

மூச்சைப் பிடித்து முகம் தண்ணீருக்குள் போனதும் இதயத்துடிப்பு தானாகவே குறையும். அதே நேரம் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும்போது அட்ரினலின் துடிப்பை ஏற்றப் பார்க்கும். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவரின் இதயத்தால் தேவைக்கு ஏற்ப வேகம் எடுக்க முடியாது. சீக்கிரம் களைப்பு வரும். ப்ராப்ரனலால் போன்றவை பீட்டா-2 ஏற்பியையும் அடைப்பதால், வீசிங் உள்ளவர்களுக்குக் காற்றுக் குழாய் சுருங்கலாம். பிபி அதிகமுள்ளவர்களுக்கு மூழ்கும்போது நுரையீரலில் நீர் கோக்கும் அபாயமும் உண்டு.

அதனால் மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. ‘நான் கடலுக்குள் மூழ்கி வேலை செய்கிறேன்’ என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் அவர் வேறு மருந்துக்கு மாற்றுவார். மாரடைப்பு வந்தவர் என்றால் மூழ்கலாமா என்பதையே அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

* பயண நாட்களை விடக் கூடுதலாக மாத்திரை எடுத்துச் செல்லுங்கள். ஒரு பகுதியை நனையாத டப்பாவில் தனியாக வையுங்கள்.

* அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரிடமோ மாத்திரை வாங்குபவர்கள், கடலுக்குப் போகும் நாட்களை முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள்.

* ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போட வேண்டாம்.

* நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், டாக்டர் மேற்பார்வையில் ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

* மாத்திரை விட்டுப்போன நாட்களில் நெஞ்சு அழுத்தம், மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் கரையில் இருப்பவர்கள் உடனே 108-ஐ அழையுங்கள். கடலில் இருப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

பிபி நார்மலுக்கு வந்துவிட்டது, ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று தோன்றும். அப்படி இருப்பதற்குக் காரணம் அந்த மாத்திரையாகவே இருக்கலாம்.