“ரெண்டுலயும் ஒரே பயறா, மிஸ்?”

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி செய்த செயல்திட்டத்துக்கு முழு மதிப்பெண் போட்டேன். இரண்டு தயிர் டப்பாக்களில் பச்சைப்பயறு. ஒன்று சன்னலோர வெயிலில், மற்றது அட்டைப்பெட்டிக்குள் இருட்டில். இருட்டில் இருந்தது நன்றாக வந்திருந்தது. ‘இருட்டில் பயறு விரைவாக முளைக்கும்’ என்று முடிவு எழுதியிருந்தாள். அட்டவணை, படம், கையெழுத்து எல்லாம் அழகு. நான் கையொப்பமிட்ட பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “ரெண்டுலயும் ஒரே பயறா, மிஸ்?”

இல்லை. வெயிலில் வைத்தது, வீட்டில் பல மாதமாகக் கிடந்த பழைய பயறு. அது போதாமல், இன்னொரு டப்பாவுக்குக் கடையில் புதிதாக வாங்கியிருக்கிறாள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒரு மாணவன் கேட்டுவிட்டான். எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் சமமாக வை என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். டப்பாவில் அது முடியும். கையால் தொடவே முடியாததை ஆராய்கிறவர்கள் எதைச் சமமாக வைப்பார்கள்? அந்த விடுமுறையில் இதையே தேடிப் படித்தேன். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று துறைகளிலும் அதே பயறுக் கேள்வி இருந்தது.

நங்கநல்லூரில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து வானத்தைப் பார்ப்பது லேசல்ல. தெருவிளக்கு வெளிச்சம் ஒரு பக்கம், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் ஒரு பக்கம். ஆனாலும் மார்கழி இரவில் கார்த்திகை தெரியும். சங்க காலத்தார் அறுமீன் என்றது இதைத்தான். கண்ணுக்கு ஐந்தாறு, தொலைநோக்கியில் நூற்றுக்கணக்கில். இது ஒரு விண்மீன் கொத்து.

ஒரு விண்மீன் மங்கலாகத் தெரிந்தால் காரணம் பல இருக்கலாம்: அது தொலைவில் இருக்கலாம், சிறியதாக இருக்கலாம், வயதானதாக இருக்கலாம். தனி விண்மீனில் இவற்றைப் பிரித்தறிவது கடினம். கொத்தில் உள்ளவை அப்படியல்ல. ஒரே வாயு மேகத்தில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பவை. கார்த்திகைக்கு அந்தத் தொலைவு சுமார் 440 ஒளியாண்டு. தொலைவும் வயதும் சமமாகிவிட்டதால், மிஞ்சும் முக்கிய வேறுபாடு நிறைதான். ஒரே நாளில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் உயரத்தை ஒப்பிடுவது போல. நம்மால் செய்ய முடியாத சோதனையை இயற்கையே செய்து வைத்திருக்கிறது.

நிறை மிகுந்த விண்மீன் எரிபொருளை வேகமாகச் செலவழித்து முதலில் முடிந்துபோகும். ஆகவே ஒரு கொத்தில் இன்னும் இயல்பாக எரிந்துகொண்டிருப்பவற்றில் அதிக நிறை எவ்வளவு என்று பார்த்தால், கொத்தின் வயது கிடைக்கும். கார்த்திகையில் நீல விண்மீன்கள் இன்னும் ஒளிர்கின்றன. வயது சுமார் 10 கோடி ஆண்டு. அருகிலுள்ள ஹயடீஸ் கொத்துக்கு அது 65 கோடியை ஒட்டி வருகிறது. அங்கே நீலப் பெரியவர்கள் முடிந்துபோய், ஆரஞ்சு நிற அரக்கர்கள் சிலர் நிற்கிறார்கள்.

பயறுக் கேள்வி இங்கேதான் வருகிறது. ஹயடீஸ் ‘வி’ வடிவில் தெரியும். அதன் ஒரு முனையில் சிவந்து ஒளிர்வது ரோகிணி. பார்த்தால் அதே குடும்பம்தான் என்று சத்தியம் செய்யலாம். ஆனால் ஹயடீஸ் சுமார் 150 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, ரோகிணி 65. வழியில் நிற்கும் வேற்றாள். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கணக்கு கெடும். அதனால்தான் கொத்தை ஆராய்கிறவர்களின் உழைப்பில் பெரும்பகுதி யார் உறுப்பினர், யார் இல்லை என்று பிரிப்பதிலேயே போகிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி போன்ற கருவிகளால் விண்மீனின் நிறமாலையை எடுத்து, அது எவ்வளவு வேகத்தில் நம்மை நோக்கியோ விலகியோ செல்கிறது என்று அளக்கலாம். ஒரே குடும்பம் என்றால் சேர்ந்தே நகர வேண்டும்.

அடுத்தது ஓவியச் சந்தை. ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தோம். கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்த கலைஞர்களும் 1966-இல் தொடங்கியது அது. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற பணத்தில் வளர்ந்த இடம். அங்கே ஒரு பையன், “சின்னப் படம் எப்படி மிஸ் பெரிய படத்தைவிட விலை அதிகம்?” என்றான். நியாயமான கேள்வி. ஓவியர் வேறு, ஆண்டு வேறு, அளவு வேறு என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? பொருளாதார ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: இரண்டு ஓவியங்களை ஒப்பிடாதே, ஒரே ஓவியம் இரண்டு முறை விற்ற விலைகளை ஒப்பிடு. வில்லியம் பாமோல் 1986-இல் மூன்று நூற்றாண்டு விற்பனைகளை இப்படிப் பார்த்து, விலைவாசி உயர்வைக் கழித்தபின் ஆண்டுக்குச் சராசரி ஆதாயம் அரை விழுக்காட்டை ஒட்டியே இருந்தது என்று கண்டார்.

செய்தித்தாளைப் படித்தால் வேறு மாதிரித் தோன்றும். எம்.எப். உசேனின் ‘கிராம் யாத்ரா’ 1954-இல் 1,400 ரூபாய்க்குப் போனது. 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 118 கோடி ரூபாய். கூட்டு வட்டிக் கணக்காகப் பத்தாம் வகுப்பில் கொடுக்கலாம்: விலைவாசியைக் கழிக்காமல் ஆண்டுக்கு ஏறத்தாழ 21 விழுக்காடு. ஆனால் ஒரு ஓவியம் பெரிய ஏலத்துக்கு மறுபடி வருவதே அதற்கு மதிப்புக் கூடியதால்தான். மதிப்பிழந்தவை பரணில் கிடக்கும், கணக்கிலேயே வராது. இந்தக் குறை ‘ஒரே ஓவியம்’ முறையிலும் உண்டு. ஓவியம் ஒன்றுதான், ஆனால் எந்த ஓவியங்கள் எண்ணப்படுகின்றன?

மூன்றாவது எங்கள் சமையலறையிலேயே கிடைத்தது. மூலக்கூறுகள் புதிய வேதிப்பிணைப்பு இல்லாமல், ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெல்லிய பிடிகளால் சேர்ந்து பொருளாவதை ஆராயும் துறைக்கு சூப்பராமாலிகுலர் வேதியியல் என்று பெயர். பெடர்சன், கிராம், லேன் மூவருக்கும் 1987-இல் நோபல் பரிசு இதற்காகத்தான். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வரும் அகார், அதாவது நாம் இனிப்பு செய்யும் கடல்பாசி, இதற்கு எளிய எடுத்துக்காட்டு. நூறு பங்கு நீரில் ஒன்றரைப் பங்கு போதும், எல்லாம் கட்டியாகிவிடும். நீண்ட சங்கிலிகள் இரண்டிரண்டாய் முறுக்கிக்கொண்டு வலையாகி நீரைப் பிடித்துவைக்கின்றன.

மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள்: 60 டிகிரி செல்சியஸில் கடல்பாசி கட்டியா, நீர்மமா? இரண்டும் சரி. கொதித்து ஆறிவரும் கரைசல் 40 டிகிரிக்கு அருகே வந்தால்தான் உறையும். உறைந்ததைச் சூடாக்கினால் 85 டிகிரியை ஒட்டித்தான் உருகும். மூலக்கூறும் நீரும் வெப்பநிலையும் ஒன்றேதான். வேறுபடுவது அது எந்த வழியாக வந்தது என்பது மட்டும். 1881-இல் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி, சமையலில் தாம் பயன்படுத்திய அகாரை நுண்ணுயிர் வளர்ப்புக்குப் பரிந்துரைத்ததும் இந்தக் குணத்தால் பயன் தந்தது. 37 டிகிரியில் ஜெலட்டின் உருகிவிடும், அகார் உருகாது.

இதைப் படித்தபோது பழைய பயறு நினைவுக்கு வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று, முன்கதை வேறு.

பள்ளி திறந்ததும் அந்த மாணவியையும் கேள்வி கேட்டவனையும் ஒரே குழுவாக்கினேன். ஒரே பொட்டலத்திலிருந்து 50, 50 எண்ணி எடுத்தார்கள். ஒரே அளவு நீர். இரண்டும் வகுப்பறை மேசைமேல், ஒன்றின்மீது மட்டும் அட்டைப்பெட்டி. மூன்றாம் நாள் வெளிச்சத்தில் 47, இருட்டில் 46 முளைத்திருந்தன. ஆனால் இருட்டில் இருந்தவை வெளுத்து, நீண்டு வளர்ந்திருந்தன.

“முளைக்கிறது வேற, நீளமா வளர்றது வேற மிஸ்,” என்றாள். “நான் போன தடவ ரெண்டையும் ஒண்ணா எழுதிட்டேன்.” பழைய நோட்டைக் கொண்டுவந்து, நான் போட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே புதிய அட்டவணையை ஒட்டினாள்.