கெட்ட சகவாசம்: முத்துக்குளித்துறையில் ஒரு பழைய கடிதம்

கெட்ட சகவாசம்னா நமக்குக் குடிகாரனோ வேற மதத்துக்காரனோதான் ஞாபகம் வரும். முத்துக்குளித்துறை வரலாறு வேற மாதிரி சொல்லுது.

பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் இங்கே வந்தபோது, பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்று ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. 1544-ல் தன் துணைவர் மன்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதங்களை வாசித்தேன். அவர் மனசை நோகடித்தவர்களில் சொந்த மதத்துக்காரர்களே உண்டு. தூத்துக்குடியின் போர்த்துக்கீசிய கேப்டன் கோஸ்மே தெ பாய்வா அதில் முக்கியமானவர். இந்தக் கரையில் கொள்ளையடித்தவர்.

அந்த செப்டம்பரில் எதிரிகள் தாக்கி, கேப்டனின் கப்பலும் வீடும் எரிந்தன. அவர் தீவுகளுக்குத் தப்பி ஓடினார். சவேரியார் "நல்லா வேணும்"னு இருந்துடல. தோணிகளில் சாப்பாடும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு உடனே போகும்படி மன்சிலாசுக்கு எழுதினார். அதே கடிதத்தில், கேப்டன் தன்னுடனான நட்பை முறித்துக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார்.

விசுவாசமா வாழ நினைக்கிறவங்களுக்கு இந்த ரெண்டுமே வேணும்னு நினைக்கிறேன். அநியாயக்காரனோட கூட்டு வேண்டாம். ஆனா அவன் தாகத்தில் தவிச்சா, தோணியைத் தள்ளத்தான் வேணும்.