ஐ5 தோற்றது, ஐ3 ஜெயித்தது! ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாந்த காந்தி மார்க்கெட் மண்டிக்காரர்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டையின் வாயை மட்டும் பார்த்து யாரும் விலை பேச மாட்டார்கள். மேலே முத்து முத்தாக இருக்கும். அடியில் அழுகல் கிடக்கும். அரிசி மூட்டை என்றால் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் நாலு மணி உதிர்த்துப் பார்த்த பிறகுதான் பேச்சு.

அப்பேர்ப்பட்ட இடத்தில் பல வருடமாகத் தொழில் செய்யும் மளிகை மண்டிக்காரர் ஒருவர், கட்டை விரல் அகல ஸ்டிக்கரை நம்பி ஏமாந்து போனார்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

"ஐ5 தானே கேட்டீங்க?"

மண்டியில் பில் போடவும், ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்பவும் ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. புதுசு வாங்க மனசு வரவில்லை. செகண்ட் ஹேண்ட் வியாபாரி ஒருவர் பெட்டியைக் கொண்டு வந்து இறக்கினார். முகப்பில் "கோர் ஐ5" என்று ஸ்டிக்கர் மின்னியது.

"ஐ3 எல்லாம் சின்னப் பசங்களுக்குண்ணே. உங்க மண்டிக்கு ஐ5 தான் எடுப்பு" என்றாராம். பத்தாயிரத்துச் சொச்சம் கைமாறியது.

அதே வாரம் பக்கத்து மண்டியிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அது ஐ3. கொஞ்சம் விலை கூட. "ஐ3-க்குப் போய் கூடக் குடுத்தியாப்பா?" என்று நம்மவர் சிரித்தார்.

மாதக் கடைசியில் சிரிப்பு நின்றது. வருடக் கணக்கைத் திறந்தால், பக்கத்துக் கடை கணக்குப்பிள்ளை வேலையை முடித்து டீ குடிக்கப் போகிறார். இவர் மண்டியில் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

உள்ளே என்ன சங்கதி?

கம்ப்யூட்டர் மெக்கானிக் தம்பி ஒருவர் இரண்டு பெட்டியையும் திறந்து பார்த்தார். குட்டு வெளிப்பட்டது.

மண்டிக்காரரின் சிப் ஐ5-2400. இன்டெல் கம்பெனி 2011-ல் வெளியிட்ட இரண்டாம் தலைமுறைச் சரக்கு. பக்கத்துக் கடைச் சிப் ஐ3-8100. 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறை.

இரண்டுக்கும் கோர் 4. உள்ளே இருக்கும் கேஷ் நினைவகம் இரண்டிலும் 6 எம்.பி. ஒற்றுமை அத்தோடு சரி.

பழசின் வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், தம் கட்டினால் 3.4 வரை போகும். புதுசு 3.6-ல் ஓடுகிறது. பழசு 32 நானோமீட்டர் முறையில் செய்தது. புதுசு 14 நானோமீட்டர். வெப்ப அளவு பழசுக்கு 95 வாட், புதுசுக்கு 65 வாட். ஆக, ஐ3 கூடுதல் வேகத்தில் ஓடியும் சூடு குறைவு.

ஓட்டம் வேறு, சுமை வேறு

கிகாஹெர்ட்ஸ் கணக்கு மட்டும் கதை ஆகாது. மார்க்கெட்டில் லாரியில் இருந்து மூட்டை இறக்குகிறார்கள். ஒருவர் வேகமாக ஓடி, நடைக்கு ஒரு மூட்டை கொண்டு வருகிறார். இன்னொருவர் நிதானமாக நடந்து, நடைக்கு இரண்டு மூட்டை கொண்டு வருகிறார். லாரியை முதலில் காலி செய்பவர் யார்? கிகாஹெர்ட்ஸ் என்பது நடையின் எண்ணிக்கை. ஒரு நடைக்கு எவ்வளவு வேலை என்பது தலைமுறைக்குத் தலைமுறை கூடி வருகிறது.

இன்டெல் கம்பெனியே இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தது. 2004-ல் வந்த பென்டியம்-4 சிப்பில் வேலை 31 கட்டமாகக் கைமாறிப் போகும். 31 பேர் வரிசையாக நின்று மூட்டையைக் கைமாற்றுவது போல. வேகம் 3 கிகாஹெர்ட்சைத் தாண்டியது உண்மை. ஆனால் தப்பான கடை மூட்டை வரிசையில் ஏறிவிட்டால், அத்தனையும் வீண். முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். சூடும் அடுப்பாகக் கொதித்தது.

2006-ல் கோர்-2 டுயோ வந்தது. கட்டங்கள் 14 ஆகக் குறைந்தன. 2.4 கிகாஹெர்ட்சில் ஓடிய அந்தச் சிப், 3 கிகாஹெர்ட்ஸ் பென்டியம்-4 சிப்பை ஓரங்கட்டியது.

கேட் மூடியாச்சு

மெக்கானிக் தம்பி நியாயமான ஒரு காரியம் செய்தார். மண்டிக்காரர் பெட்டியில் இருந்த பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, எஸ்.எஸ்.டி. மாட்டினார். பக்கத்துக் கடையில் ஏற்கனவே அதுதான் இருந்தது. பாதிப் பிராணன் திரும்பி வந்தது. "பில் போட இது போதும்ணே. ஆனா விஷயம் வேற இருக்கு" என்றார்.

விஷயம் இதுதான். விண்டோஸ்-10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்பு 14-10-2025 அன்று பொதுவாக முடிந்தது. விண்டோஸ்-11-க்கு இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான் அனுமதி. ஐ3-8100 கேட்டுக்கு உள்ளே. ஐ5-2400 வெளியே. குறுக்கு வழியில் ஏற்றலாம். ஆனால் அதற்கு மைக்ரோசாப்ட் பொறுப்பு ஏற்காது.

பாங்க் கணக்கும் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டும் இருக்கும் பெட்டி. பூட்டு இல்லாத கல்லா மாதிரி. சிப்பை மட்டும் மாற்றலாம் என்றால் அதுவும் நடக்காது. பழைய போர்டில் எட்டாம் தலைமுறைச் சிப் உட்காராது.

விற்றவரைக் கேட்டால், "ஐ5-னு சொன்னேன், ஐ5 குடுத்தேன். பொய் என்ன?" என்கிறார். போலீசுக்குப் போகவும் வழி இல்லை.

குத்தூசி இதுதான்!

செகண்ட் ஹேண்ட் வாங்குவோர் கவனிக்க:

ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் பார்க்கும் தரம். தலைமுறை மாறினால் அந்தத் தரம் செல்லாது. கோடுக்குப் பிறகு வரும் நம்பரைப் பாருங்கள். டெஸ்க்டாப் பெட்டியில் நாலு இலக்கம் என்றால் முதல் இலக்கம்தான் தலைமுறை. 2400 இரண்டு, 8100 எட்டு. 10400 போல ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டும் சேர்ந்துதான் தலைமுறை, அதாவது 10400 பத்து.

ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். பெட்டியை ஓட விட்டு, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பக்கத்தில் சிப்பின் முழுப் பெயரும் வரும்.

மண்டிக்காரர் இப்போது அந்த ஐ5-ஐ இன்டர்நெட் இணைப்பு இல்லாமல் பில் போட மட்டும் வைத்திருக்கிறார். கணக்கு அனுப்புவதற்கு நித்தம் பக்கத்துக் கடைக்குப் போகிறார்.

"என்னண்ணே, ஐ3 சின்னப் பசங்களுக்குத்தானே?" என்று கேட்டுக்கொண்டே கணக்குப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுக்கிறாராம்.