சிரித்த முகத்துக்கு 30 ஆயிரம் பேர் கியூ! மாஸ்கோவை மயக்கிய பர்கர் கடையின் கதை

மாஸ்கோ நகரம். 1990-ம் ஆண்டு ஜனவரி 31-ந்தேதி. புதன்கிழமை.

உடம்பை நடுக்கும் குளிர். ஆனாலும் புஷ்கின் சதுக்கத்தில் விடியும் முன்பே கூட்டம் சேர்ந்து விட்டது. தடித்த கோட்டும் கம்பளிக் குல்லாவுமாக ஜனங்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். பேசினால் வாயிலிருந்து புகை மாதிரி ஆவி பறக்கிறது. கியூ நீண்டுகொண்டே போகிறது.

என்ன விசேஷம்? பெரிய தலைவர் யாராவது வருகிறாரா? இல்லை. சர்க்கரை, சோப்பு மலிவு விலையில் போடுகிறார்களா? அதுவும் இல்லை.

ஒரு பர்கர் கடை திறக்கிறார்கள். அவ்வளவுதான்!

அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கம்பெனி சோவியத் மண்ணில் திறந்த முதல் கடை அது. உள்ளே மட்டும் 700 பேர் உட்காரலாம். அன்று ஒரே நாளில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே சாப்பிட்டார்கள். அந்தக் கம்பெனியின் சரித்திரத்திலேயே திறப்பு விழா அன்று இவ்வளவு கூட்டம் வந்தது அதுதான் முதல் தடவை.

விலை மலிவு என்று வந்த கூட்டமா? அதுதான் இல்லை. "பிக் மேக்" என்ற பெரிய பர்கர் ஒன்றின் விலை 3 ரூபிள் 75 கோபெக். அப்போது மாஸ்கோ பாதாள ரெயிலில் ஒரு தடவை போக 5 கோபெக்தான். அதாவது, ஒரு பர்கர் காசில் 75 தடவை ரெயிலில் போகலாம்!

அப்படியும் ஏன் நின்றார்கள்? பன்னும் கறியும் அப்படி என்ன அமிர்தமா?

ஒரு சாமானுக்கு 3 கியூ

அதைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்து சோவியத் கடைகளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல கடைகளில் ஒரு சாமான் வாங்க 3 கியூ. முதல் கியூவில் நின்று சாமானைப் பார்த்து விலை கேட்க வேண்டும். அடுத்தது கல்லா கியூ. அங்கே பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். பிறகு ரசீதோடு மறுபடியும் முதல் இடத்துக்கு வந்து, இன்னொரு கியூவில் நின்று சாமானை வாங்க வேண்டும். கால் கடுக்க நின்று போய்ச் சேரும்போது, "தீர்ந்து போச்சு" என்று சொன்னாலும் சொல்வார்கள்.

கடை சர்க்காருடையது. சிப்பந்திக்கு மாதச் சம்பளம். சரக்கு விற்றாலும் அதே சம்பளம், விற்காவிட்டாலும் அதே சம்பளம். சரக்கோ தட்டுப்பாடு. வாங்குகிறவன் கெஞ்ச வேண்டும், விற்கிறவர் ராஜா. இதில் சிரிப்பு எங்கேயிருந்து வரும்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "என்ன வேணும்? சீக்கிரம் சொல்லு!" என்ற தோரணைதான்.

சிப்பந்திகள் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. ஏற்பாடு அப்படி.

14 வருஷப் பேச்சுவார்த்தை

அப்படிப்பட்ட ஊரில் இந்தக் கடை எப்படி வந்தது?

ஜார்ஜ் கோஹன் என்பவர் கனடா நாட்டு மெக்டொனால்ட்ஸ் கம்பெனியின் தலைவர். 1976-ல் மாண்ட்ரியல் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அதற்கு வந்த சோவியத் அதிகாரிகளிடம் அவர் பேச்சைத் தொடங்கினார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் கடை போடப் பார்த்தார். நடக்கவில்லை. மனுஷர் விடவில்லை. கோர்பசேவ் ஆட்சிக்கு வந்த பிறகு காற்று மாறியது. 1988-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மாஸ்கோ நகரசபைக்கு 51 சதவீத பங்கு, கம்பெனிக்கு 49 சதவீதம்.

கடையில் ரூபிள்தான் வாங்குவோம் என்று கம்பெனி சொன்னது. இது பெரிய விஷயம். அப்போது மாஸ்கோவில் நல்ல சாமான் வைத்திருந்த சில கடைகளில் டாலர் போன்ற வெளிநாட்டுப் பணம்தான் செல்லும். உள்ளூர்க்காரன் வேடிக்கைதான் பார்க்கலாம். இங்கே அப்படி இல்லை. யார் வேண்டுமானாலும் வரலாம். பணம் கொடுத்தவனுக்கு பர்கர்!

இன்னொரு தலைவலி சரக்கு. ஒரே அளவு உருளைக்கிழங்கு, ஒரே தரத்து மாவு, கறி ஆகியவை அங்கே நினைத்தபோது கிடைக்காது. "அப்படியானால் நாமே செய்வோம்" என்று மாஸ்கோவை ஒட்டி ஒரு பெரிய தொழிற்கூடமே கட்டினார்கள். பன் சுடுவது, கறி பதப்படுத்துவது, உருளைக்கிழங்கு வெட்டுவது எல்லாம் அங்கேயே நடந்தது. நீளமான வறுவலுக்கு ஏற்ற உருளைக்கிழங்கு ரகத்துக்கு விதைக்கிழங்கு வெளிநாட்டிலிருந்து வந்தது.

சாப்பிட வந்தவரிடம் "இல்லை" என்று சொல்லக் கூடாது. அதற்குத்தான் இவ்வளவு பாடு.

சிரிக்க ஒரு பயிற்சி

வேலைக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் செய்தார்கள். 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. அதில் 600-க்கும் சற்று அதிகமானவர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். பெரும்பாலும் இளவட்டங்கள். ஹம்சத் ஹஸ்புலாத்தவ் என்ற மாஸ்கோவாசி முதல் மானேஜர். மேல்நாட்டுக்குப் போய் பயிற்சி பெற்று வந்தவர். பிற்காலத்தில் ரஷிய மெக்டொனால்ட்சுக்கே தலைவர் ஆனார்.

கறியை எத்தனை நேரம் வாட்டுவது, மேஜையை எப்படித் துடைப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். கூடவே இன்னொரு பாடம்: வருகிறவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும், வணக்கம் சொல்ல வேண்டும், "மறுபடியும் வாருங்கள்" என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

இதில்தான் வேடிக்கை. மாஸ்கோவில் முன்பின் தெரியாத ஆளைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் இல்லை. காரணம் இல்லாமல் சிரித்தால், "இவன் என்னைக் கேலி செய்கிறானோ" என்று சந்தேகம் வரும்!

ஆகவே கியூவில் நின்றவர்களிடம் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு முன்கூட்டியே விளக்கம் சொன்னாராம். உள்ளே இருப்பவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், அது கேலி அல்ல, உங்களுக்கு சேவை செய்யும் சந்தோஷத்தில் வரும் சிரிப்பு என்று! அந்தக் கடையில் வேலை பார்த்த ஒருவர் பல வருஷம் கழித்து இதைச் சொல்லியிருக்கிறார்.

உள்ளே போனால் எல்லாமே புதுசு. இருபதுக்கும் மேற்பட்ட கல்லாக்கள். கேட்பதும், காசு கொடுப்பதும், வாங்குவதும் ஒரே இடத்தில். பளிச்சென்று தரை. "பிளீஸ்", "நன்றி" என்று பேச்சு. காகிதக் குவளையையும் பர்கர் டப்பாவையும் கூட தூக்கி எறிய மனசில்லாமல், கழுவி வீட்டுக்கு எடுத்துப் போனவர்கள் உண்டு.

வாய்க்கு ருசி ஒரு பக்கம். காசு கொடுத்தவனை மனுஷனாக மதித்தார்களே, அது இன்னொரு பக்கம். அதற்குத்தான் மணிக்கணக்கில் நின்றார்கள்.

கடையை மூடிய அண்ணன் தம்பி

இந்த வேக முறை மாஸ்கோவில் பிறந்தது அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த சான் பெர்னார்டினோ என்ற ஊரில் பிறந்தது.

ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்ட் என்ற அண்ணன் தம்பி 1940-ல் அங்கே கடை போட்டார்கள். வியாபாரம் நன்றாகவே ஓடியது. ஆனால் 1948-ல் திடீரென்று கடையை மூடினார்கள். பல மாதம் யோசித்து முறையை அடியோடு மாற்றினார்கள். காருக்கே தட்டைக் கொண்டு வந்து கொடுக்கும் பெண்களை நிறுத்தினார்கள். பட்டியலை 9 அயிட்டமாகச் சுருக்கினார்கள். பீங்கான் தட்டு போயிற்று, காகிதம் வந்தது. எந்த ஆள் எங்கே நிற்பது, எத்தனை அடி நடப்பது என்று டென்னிஸ் மைதானத்தில் சாக்பீசால் கோடு போட்டுப் பார்த்தார்கள். பர்கர் விலை 15 சென்ட்.

முதலில் ஆள் வரவில்லை. போகப் போக கூட்டம் தாங்கவில்லை!

பால் கலக்கும் மிஷின் விற்கும் ரே கிராக் என்பவர் 1954-ல் இதைப் பார்த்து அசந்து போனார். 1955-ல் சிகாகோ பக்கத்தில் ஒரு கடை திறந்தார். 1961-ல் அண்ணன் தம்பிக்கு 27 லட்சம் டாலர் கொடுத்து மொத்தத்தையும் வாங்கிக் கொண்டார். தரம், சேவை, சுத்தம் - இதுதான் அவருடைய மந்திரம். "சாய்ந்து நிற்க நேரம் இருந்தால், துடைக்கவும் நேரம் இருக்கிறது" என்று சிப்பந்திகளிடம் சொல்வாராம். இன்றைக்கு 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள்.

சிரிப்புக்கு என்ன சம்பளம்?

நாணயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு.

சிரிப்பதும் ஒரு வேலைதான். எட்டு மணி நேரம் நின்றுகொண்டு, கால் வலித்தாலும், வீட்டில் ஆயிரம் கவலை இருந்தாலும், வருகிறவரிடம் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை அமெரிக்கச் சிப்பந்திகளே கேட்டார்கள். 2012 நவம்பர் மாதம் நியூயார்க் நகரில் பல கம்பெனிகளின் துரித உணவுக் கடை ஊழியர்கள் வேலையை விட்டு வீதிக்கு வந்தார்கள். "மணிக்கு 15 டாலர் கொடு, சங்கம் வைக்க விடு" என்பது கோரிக்கை. அப்போது அமெரிக்க மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட்தான். போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. கலிபோர்னியா மாநிலத்தில் பெரிய துரித உணவுக் கம்பெனிகளின் கடைகளுக்கு 2024 ஏப்ரல் 1-ந்தேதி முதல் மணிக்கு 20 டாலர் என்று சட்டமே வந்து விட்டது. அண்ணன் தம்பி 15 சென்டுக்கு பர்கர் விற்ற அதே மாநிலம்!

மறுபடியும் கியூ!

இனி மாஸ்கோவுக்குத் திரும்புவோம்.

முதல் கடை திறந்து 32 வருஷம். ரஷியாவில் கடைகள் சுமார் 850 ஆகின. 62 ஆயிரம் பேருக்கு வேலை. 2022 பிப்ரவரி 24-ந்தேதி உக்ரைன் மீது ரஷியா படையெடுத்தது. மார்ச் 8-ந்தேதி கம்பெனியின் அறிவிப்பு வந்தது: ரஷியாவில் கடைகளைத் தற்காலிகமாக மூடுகிறோம்!

கேட்டதும் ஜனங்கள் ஓடினார்கள். "கடைசியாக ஒரு தடவை" என்று மறுபடியும் கியூ. புஷ்கின் சதுக்கத்துக் கடையை மூடக் கூடாது என்று ஒரு பியானோ கலைஞர் கதவோடு கதவாகத் தன்னைப் பிணைத்துக் கொண்டார். போலீசார் அவரை அப்புறப்படுத்தினார்கள்.

பக்கத்து நாட்டு நிலைமை வேறு. உக்ரைனில் குண்டுக்குப் பயந்து மூடிய கடைகளில் சில, 2022 செப்டம்பரில் கீவ் நகரில் மெல்ல மெல்லத் திறந்தன. உயிர் பிழைத்து வாழ்வதே போராட்டமான ஊரில் பழையபடி ஒரு கடை திறந்திருக்கிறது என்பதே ஜனங்களுக்கு ஒரு தைரியம்.

ரஷியாவில் கம்பெனி திரும்ப வரவில்லை. மே மாதம் மொத்தமாக விற்று விட்டது. வாங்கியவர் சைபீரியாவில் ஏற்கனவே சில கிளைகளை நடத்தி வந்த அலெக்சாண்டர் கோவோர். சிப்பந்திகளை குறைந்தது 2 வருஷமாவது அதே நிபந்தனைகளில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து.

2022 ஜூன் 12-ந்தேதி அதே புஷ்கின் சதுக்கத்தில், அதே கட்டிடத்தில், புதுப்பெயரில் கடை திறந்தது. "உக்குஸ்னா இ தோச்கா" என்று பெயர். "ருசி, அவ்வளவுதான்" என்று சொல்லலாம். மஞ்சள் வளைவுச் சின்னம் போயிற்று. "பிக் மேக்" போயிற்று. "பிக் மேக்கைத் திருப்பிக் கொடு" என்று ஒரு ஆள் அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஆனாலும் வாசலில் நீளமாக கியூ!

"பெயர் மாறுது, பாசம் மாறாது" என்பதுதான் அன்றைய விளம்பர வாசகம்.

பெயர்ப்பலகை போனாலும் அடுப்பு அதே அடுப்பு. கல்லாவில் நிற்பவர்களும் அதே ஆட்கள். முதலாளி கையெழுத்துப் போட்டு கடையை விற்று விடலாம். வருகிறவரை "வாங்க" என்று அழைக்கும் சிப்பந்தியின் பழக்கத்தை அப்படி விற்க முடியாது, வாங்கவும் முடியாது.

கடை வைத்திருப்பவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்கலாம். அன்றைக்கு அந்தக் குளிரில் நின்ற 30 ஆயிரம் பேரும் வெறும் பசிக்காக நிற்கவில்லை. காசு கொடுத்தும் கெஞ்சி கெஞ்சி அலுத்துப் போனவர்கள் அவர்கள். சரக்கு எல்லா இடத்திலும் கிடைக்கும் காலம் இது. "வாங்க, என்ன வேணும்?" என்று முகம் பார்த்துக் கேட்கும் கடைதான் நினைவில் நிற்கும்.

அப்படிக் கேட்கிற சிப்பந்திக்கும் மாதம் பிறந்தால் கை நிறையச் சம்பளம் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சிரிப்பு எத்தனை நாள் தாங்கும்?