குண்டு போட்ட எல்லை

பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு, 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதில் பெயர்பெற்ற கற்பனை உலகம் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்'. கனடாக்காரர் எட் கிரீன்வுட் சின்னப் பையனாக இருந்தபோதே கனவு காணத் தொடங்கிய உலகம் அது. காடும் மலையும் நகரமுமாக அவர் கையால் வரைபடங்கள் வரைந்த அந்த உலகம், 1987-இல் அந்த விளையாட்டுக்கான களமாக வெளிவந்தது.

கற்பனை நாட்டுக்குப் பென்சில் எல்லை போடலாம். கடலூரில் நிஜ நிலத்துக்கே பீரங்கி எல்லை போட்டிருக்கிறது!

ஆண்டு 1690. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. சென்னையில் அப்போது கவர்னர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? சுட்ட குண்டு போய் விழும் தூரம் வரை! சங்கிலி வேண்டாம், அளவுகோல் வேண்டாம். கம்பெனிக்காரர்கள் லேசுப்பட்டவர்களா என்ன? வெகுதூரம் சுடக்கூடிய பீரங்கியாகப் பார்த்து வைத்து, திசைக்கொன்றாகச் சுட்டார்கள். குண்டு விழுந்த இடங்களுக்கு உட்பட்ட ஊர்களெல்லாம், கடலூர் உள்பட, அவர்கள் வசமாயின. பகடையில் விழும் எண்ணாவது ஆடுகிறவர் கையில் இல்லை. இங்கே தூரம் முழுக்க வெடிமருந்து கிட்டிப்பவரின் கைவண்ணம்.

செயின்ட் டேவிட் என்று கம்பெனி பெயர் சூட்டிய அந்தக் கோட்டையை 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தகர்த்துவிட்டார். ஊர்களுக்கு மட்டும் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கடலூரில் இன்றும் குண்டு சாலை இருக்கிறது, குண்டு உப்பலவாடி இருக்கிறது.