லோக்கல் பில்டர் போட்டா வாரண்டி போச்சா? என்ஜின் காலியானால் ஷோரூமில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

"வெளியில வாங்கின பார்ட்ஸ் போட்டிருக்கீங்க சார்... வாரண்டி கிடையாது. என்ஜின் வேலைக்கு மொத்த காசும் நீங்கதான் கட்டணும். செய்யட்டுமா, வண்டியை எடுத்துட்டுப் போறீங்களா?"

பைக், ஆட்டோ, கார் வைத்திருக்கும் பலர் சர்வீஸ் சென்டரில் கேட்டு அதிர்ந்து போகும் வார்த்தை இது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. மாதத் தவணை பாக்கி இருக்கும். வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவர்கள், வேறு வழியில்லாமல் கடன் வாங்கி பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

ஆனால் டீலர் வாயால் சொல்லிவிட்டால் வாரண்டி போய்விடுமா? போகாது. அதே சமயம் எல்லா கேஸிலும் டீலர் மீதுதான் தப்பு என்றும் சொல்ல முடியாது. விவரத்தைப் பார்ப்போம்.

கேள்வி ஒன்றுதான்!

வண்டியில் வெளிப் பொருள் இருக்கிறதா என்பது முக்கியம் அல்ல. அந்தப் பொருளால்தான் இந்த என்ஜின் கெட்டதா என்பதே கேள்வி. மொத்த சண்டையும் இதற்குள்தான் இருக்கிறது.

கார் விஷயத்தில் இதைப் பற்றி ஒரு முக்கியமான உத்தரவே இருக்கிறது. 2014-ம் ஆண்டு ஆகஸ்ட் 25-ந்தேதி இந்திய போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஸ்பேர் பார்ட்ஸ்களை வெளிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்க விடாமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்தாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது என்று அந்த உத்தரவு சொன்னது. வெளியில் செய்த தவறான வேலையால் எவ்வளவு சேதம் வந்ததோ, அந்த அளவுக்கு மட்டும்தான் வாரண்டியை மறுக்கலாம் என்றும் கூறியது.

நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. உத்தரவு கார் நிறுவனங்கள் தொடர்பானது என்பதால் பைக், ஆட்டோவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதில் உள்ள நியாயம் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். டீலரிடம் பேசும்போதும், புகார் எழுதும்போதும் இதைத் தாராளமாகச் சுட்டிக்காட்டலாம்.

எந்தப் பொருள் என்ன செய்யும்?

டீலரிடம் வாதாடுவதற்கு முன்பு உங்கள் வண்டியில் என்ன நடந்தது என்று நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏர் பில்டர்: மட்டமான பில்டர் அல்லது ஓரத்தில் சரியாகப் பதியாத பில்டர் போட்டால் தூசி நேராக என்ஜினுக்குள் போகும். பிஸ்டன் ரிங்கும் போரும் உப்புத்தாள் வைத்து தேய்த்த மாதிரி தேயும். வண்டி இழுவை குறையும். ஆயில் குறையும், சைலன்சரில் புகை வரும். பில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் குழாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். உள்ளே மண் ஒட்டினால் டீலர் சொல்வதில் உண்மை இருக்கலாம். சுத்தமாக இருந்தால் அது உங்களுக்கு சாதகம்.

ஆயில் பில்டர்: உள்ளே இருக்கும் பேப்பர் நசுங்கினாலோ, அடைத்துக்கொண்டாலோ ஆயில் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பேரிங் தேய்ந்து என்ஜின் சீஸ் ஆகிவிடும். கழற்றிய பில்டரை அறுத்துப் பார்த்தால் பேப்பர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதனால் அந்த பில்டரை குப்பையில் போட விடாதீர்கள்.

கியாஸ் கிட்: சரியாக செட்டிங் செய்யாத கிட் போட்டால் என்ஜின் அளவுக்கு மீறி சூடாகும். வால்வு எரியும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்திலும் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் ஓட்டினால் மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுப்படி தவறு. இன்சூரன்சிலும் தகராறு வரும்.

ஹாரன், கூடுதல் லைட்: ஒயரை அறுத்து ஒட்டுப் போட்டிருந்தால் ஒயரிங் எரியலாம். ஆனால் அதற்கும் பிஸ்டன் தேய்ந்ததற்கும் சம்பந்தம் இல்லை. சீட் கவர், கண்ணாடி, கார்டு பம்பர் இவற்றைக் காட்டி என்ஜின் வாரண்டியை மறுத்தால் விடாதீர்கள்.

ஆயில் பம்ப் உடைந்தது, டைமிங் செயின் அறுந்தது, கூலன்ட் ஒழுகி என்ஜின் சூடானது... இதற்கெல்லாம் ஏர் பில்டர் காரணம் ஆகாது. "எந்த பாகம் முதலில் கெட்டது?" என்று கேளுங்கள். பாதி விவகாரம் அங்கேயே தெளிவாகிவிடும்.

டீலர் சொல்வது சரியாக இருந்தால்?

தூசி போன தடயம் இருக்கிறது, அல்லது நேரத்துக்கு ஆயில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்றால் வாரண்டி கேட்டு ஜெயிப்பது கஷ்டம். அப்போது உங்கள் சண்டை டீலரோடு அல்ல. பொருளை விற்ற கடை, தயாரித்த கம்பெனி, மாட்டிய மெக்கானிக் ஆகியோரிடம்தான் நஷ்ட ஈடு கேட்க வேண்டும்.

இதற்கு பில் வேண்டும். சென்னை புதுப்பேட்டையிலோ, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ, உங்கள் ஊர் கடையிலோ எங்கே வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். விற்ற பொருளுக்கு பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி முறையற்ற வணிகம்தான். பொருள் வந்த அட்டைப் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று... பழைய சர்வீஸ் பில்களை ஒருமுறை புரட்டுங்கள். அந்தப் பொருளை மாட்டியதே இதே ஷோரூம்தான் என்று சில நேரம் தெரியவரும். அவர்கள் போட்ட பொருளுக்கு அவர்களே உங்கள் மீது பழி போட முடியாது.

முதல் நாளே செய்ய வேண்டியவை

1. என்ஜினில் சத்தம் மாறினால், ஆயில் லைட் எரிந்தால் உடனே நிறுத்துங்கள். "மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்" என்று போகாதீர்கள். தெரிந்தே ஓட்டி சேதத்தை அதிகமாக்கினீர்கள் என்று பேச்சு வரும். வண்டியைக் கட்டி இழுத்தோ, ஏற்றியோ கொண்டு போங்கள்.

2. வண்டியை விடும்போது ஜாப் கார்டு வாங்குங்கள். கிலோ மீட்டர், தேதி, நீங்கள் சொன்ன குறை எல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. வெளிப் பொருளைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். அது தெரிந்தால் நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

4. நீங்கள் இல்லாமல் என்ஜினைப் பிரிக்கக்கூடாது என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பிரிக்கும்போது செல்போனில் படம் எடுங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரை கூட அழைத்துப் போனால் நல்லது.

5. ஆயிலைக் கொட்டுவதற்கு முன்பு சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். தூசி போனதா, இரும்புத்தூள் இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்க முடியும்.

6. கழற்றிய பாகம் எதையும் தூக்கிப் போடக்கூடாது. பிஸ்டன், ரிங், பில்டர் எல்லாம் உங்கள் சாட்சிகள்!

7. "வாரண்டி கேட்கவில்லை, சொந்தச் செலவில் செய்துகொள்கிறேன்" என்று பாரம் நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டி அவசரமாகத் தேவைப்பட்டு பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன், என் உரிமையை விட்டுத்தரவில்லை" என்று எழுதி கையெழுத்துப் போடுங்கள்.

வாய்ப்பேச்சு வேண்டாம், காகிதம் வேண்டும்

வாரண்டி கிடையாது என்று சூபர்வைசர் சொன்னால் அங்கே நின்று கத்திப் பிரயோஜனம் இல்லை. "அதையே எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள் என்றால் நீங்கள் எழுதிக் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். இப்படி:

"இந்த தேதியில் இந்த எண் வண்டியை உங்களிடம் விட்டேன். நான் மாட்டிய பில்டர்தான் என்ஜின் பழுதுக்கு காரணம் என்கிறீர்கள். எந்த பாகம் பழுதானது? பில்டர் அதை எப்படி பழுதாக்கியது? வாரண்டி புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் உள்ள எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள்? பரிசோதனை அறிக்கையும் படங்களும் வேண்டும். 7 நாட்களில் எழுத்துமூலம் பதில் தரவும். அதுவரை கழற்றிய பாகங்களை அப்புறப்படுத்த வேண்டாம்."

இதை டீலருக்கு மட்டும் அனுப்பினால் போதாது. வாரண்டி கொடுப்பது வண்டியைத் தயாரித்த கம்பெனி. அதன் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அனுப்புங்கள். ஈ-மெயிலில் ஒன்று, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் ஒன்று. கம்பெனி நேரடியாக தன் என்ஜினீயரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கட்டத்தில் சமரசம் வருவது உண்டு. பார்ட்ஸ் செலவை கம்பெனி ஏற்கும், கூலியை நீங்கள் கட்டுங்கள் என்பார்கள். உங்கள் பக்கம் பலம் எவ்வளவு என்று யோசித்து முடிவு எடுங்கள். ஒப்புக்கொண்டால் அதையும் எழுதி வாங்குங்கள். புதிதாகப் போடும் பாகங்களுக்கு எவ்வளவு காலம் வாரண்டி என்றும் கேளுங்கள்.

அதற்கும் மசியவில்லையா?

முதலில் 1915 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி மையம் இது. கட்டணம் கிடையாது. தமிழிலும் பேசலாம். உங்கள் புகாரை கம்பெனிக்கு அனுப்பி பதில் கேட்பார்கள். ஆனால் அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள்.

தீர்ப்பு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக வேண்டும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் சாமானியர்களுக்கு பல வசதிகளைச் செய்து கொடுத்திருக்கிறது.

* வண்டி வாங்கிய ஊரில்தான் வழக்கு போட வேண்டும் என்பது இல்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே போடலாம்.

* பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரை விசாரிக்கும்.

* வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்களே வாதாடலாம். இணையம் வழியாகவும் புகார் பதியலாம். இதற்காக 2025-ல் இ-ஜாக்ரிதி தளம் தொடங்கப்பட்டது.

* பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். "பேசிக்கிட்டு இருக்கோம் சார்" என்று டீலர் இழுத்தடித்தால் நாள் ஓடிவிடும், உஷார்!

* பழுதான பாகத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை பெற ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. புகாரிலேயே இதைக் கேளுங்கள்.

புகாரில் டீலர், வண்டி கம்பெனி, பார்ட்ஸ் விற்ற கடை எல்லோரையும் எதிர்தரப்பாக சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒருவர் மீது ஒருவர் கைகாட்டி தப்பித்துவிடுவார்கள்.

மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பு திருப்தி இல்லை என்றால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

ஆட்டோ டிரைவர்கள் கவனத்துக்கு...

"நீ தொழிலுக்கு வண்டி ஓட்டுற. நீ நுகர்வோரே கிடையாது" என்று சிலர் பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். சொந்தமாக உழைத்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிய வண்டி என்றால் அது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. நீங்களே ஓட்டும் ஆட்டோ, லோடு வண்டிக்கு இது பொருந்தும். பத்து ஆட்டோ வாங்கி வாடகைக்கு விடும் முதலாளிக்கு இந்தச் சலுகை கிடைப்பது சிரமம். புகாரில் "என் பிழைப்புக்காக நானே ஓட்டும் வண்டி" என்ற வரியை மறக்காமல் எழுதுங்கள்.

நிரூபிப்பது யார்?

சேவையில் குறை இருந்தது என்று காட்டும் பொறுப்பு முதலில் புகார் கொடுத்தவருக்குத்தான் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதனால் கையில் எதுவும் இல்லாமல் போனால் வேலைக்கு ஆகாது. வாரண்டி காலத்தில் பழுதானது, சர்வீஸ் ஒழுங்காக விட்டிருக்கிறேன், வெளிப் பொருளுக்கும் இந்தப் பழுதுக்கும் சம்பந்தம் இல்லை என்ற மூன்றையும் காட்ட வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் அல்லது ஆட்டோமொபைல் என்ஜினீயர் ஒருவரிடம் எழுத்துமூலம் கருத்து வாங்கினால் பலம் கூடும்.

பையில் இருக்க வேண்டியவை: வண்டி வாங்கிய பில், வாரண்டி புத்தகம், எல்லா சர்வீஸ் பில்களும், வெளிப் பொருள் வாங்கிய பில், ஜாப் கார்டு, எஸ்டிமேட், என்ஜின் பிரித்தபோது எடுத்த படங்கள், டீலருக்கு அனுப்பிய கடிதம், அதற்கு வந்த பதில், தபால் ரசீது. எல்லாவற்றிலும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். ஒரிஜினலை டீலர் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.